பதினோரு பாட்டில் கந்தகம்

அத்தியாயம் 6

நாலு மணிக்கு வால்வு அக்காவுக்கு வேலை போய்விடும். இப்போது மணி பதினொன்று பத்து. அவரைக் காப்பாற்ற வந்த இரண்டு பேரும் எரிபொருள் கிடங்கின் வாசலில், ஆரஞ்சு நிற அங்கிக்குள் காலை நுழைக்க வழி தெரியாமல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கிடங்குக்குள் நைலான் துணி கூடாது, செல்போன் கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது. ஒரு பொறி பறந்தால் போதும், கேஸும் இருக்காது, கேஸைத் துப்பறிய வந்தவர்களும் இருக்க மாட்டார்கள். அதனால் வாசல் காவலர் ஆளுக்கொரு பருத்தி அங்கியைக் கொடுத்திருந்தார். இரண்டுமே ஆறரை அடி உயர ஆளுக்குத் தைத்தவை.

"அத்தை, உங்க அங்கிக்குள்ள இன்னொரு குடும்பம் தங்கலாம். வாடகைக்கு விட்டுடுவோமா?" என்றாள் மருமகள்.

"ஒண்ணு," என்று சொல்லி மாமியார் ஒரு விரலை மடக்கினார்.

இந்த விரல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். பெட்டிக்குள் கால் வைத்ததுமே ஓசிப் பயணி யார் என்று கண்டுபிடித்துவிடுவார். டிக்கெட் எடுத்தவன் பையைத் தடவுவான், எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பி இயற்கையை ரசிப்பான் என்பது அவர் சித்தாந்தம். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். மகன் அரண்டுபோய், துப்பறியும் நிலையம் ஒன்று தொடங்குங்களேன் என்று அவரை வெளியே தள்ளிவிட்டான். ஸ்கூட்டர் ஓட்டவும் குறிப்பெடுக்கவும் மருமகள் கூடவே சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து பேனாவை விட அவள் வாய்தான் அதிகம் ஓடியது. கேஸ் கொடுக்க வந்த இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போன பிறகு மாமியார் ரேஷன் கொண்டு வந்தார். ஒரு கேஸுக்கு மூன்று ஜோக், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது.

வாசல் தாண்டுவதற்குள்ளேயே ஒன்று காலி. மருமகளுக்கு மனசே கேட்கவில்லை.

மேனேஜர் அறையில் ஒரு மேஜை, இரண்டு மின்விசிறி, மூன்று தீயணைப்பான்கள். அவர்களைக் கூப்பிட்டனுப்பிய மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இந்தக் கிடங்கில் இரண்டு வகை டீசல். ஒன்று கப்பலுக்குப் போவது. அதில் கந்தகம் அதிகம். வண்டிக்காரர்கள் யாரும் திருட்டுத்தனமாக ஊற்றிவிடக் கூடாது என்று அதில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். இன்னொன்று சாலையில் ஓடும் வண்டிகளுக்கானது. அதில் பத்து லட்சம் பங்குக்குப் பத்து பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பது சட்டம். சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் குழாய் ஒன்றுதான். கப்பல் டீசல் போன பிறகு, நானூறு லிட்டர் வண்டி டீசலை விட்டுக் குழாயைக் கழுவி, அதைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் லாரியை நிரப்ப வேண்டும். நிரப்பும்போது ஒரு பாட்டில் மாதிரி பிடித்து, லேபிள் ஒட்டி, ஒரு மாதம் அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.

காலை ஷிப்ட்டில் இந்த வேலையைச் செய்பவர் பேப்பர் அண்ணன். மதிய ஷிப்ட்டில் வால்வு அக்கா. இந்த முறை அலமாரியிலிருந்த பாட்டில்களைச் சோதித்தபோது, காலை ஷிப்ட்டின் பன்னிரண்டும் பாஸ். மதிய ஷிப்ட்டின் பன்னிரண்டில் பதினொன்று ஃபெயில்.

அக்கா குழாயைக் கழுவாமலே லாரியை நிரப்பியிருக்கிறார், வேறு விளக்கமே கிடையாது என்று கிடங்கின் விதிமுறை அதிகாரி எழுதிவிட்டார். நாலு மணிக்குள் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கை போயாக வேண்டும், எடுத்த நடவடிக்கையோடு. வேலைநீக்க உத்தரவு மேஜை மேல் இருந்தது. மேனேஜரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இப்படி ஒரு கரும்புள்ளி விழுந்தால் அதற்கப்புறம் எந்தக் கிடங்கும் அக்காவை வாசலில்கூட நிற்க விடாது.

"பத்தொன்பது வருஷமா இருக்காங்க," என்றார் மேனேஜர். "இங்க எந்த வால்வைத் திறந்தா எது கொட்டும்னு எனக்கே சரியாத் தெரியாதுங்க. அவங்க போய்ட்டா நான் குடையோடதான் வேலைக்கு வரணும்."

மருமகள் ஏக்கத்தோடு அவரைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு மட்டும் ரேஷன் இல்லை.

அக்கா வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையுறைகள் மடியில் இருந்தன. ஐம்பதை நெருங்கிய, அகலமான தோள்கள் கொண்ட மனுஷி. அழுது முடித்துவிட்ட முகம். கழுவினீர்களா என்று மாமியார் கேட்டதற்கு, அவர் நிமிர்ந்து நேராகக் கண்ணைப் பார்த்தார்.

"நான் கழுவாம ஒரு லாரிகூட இந்தக் கேட்டைத் தாண்டினதில்லம்மா. எனக்கு வேற வேலையும் தெரியாது, இந்த வேலையைத் தப்பா செய்யவும் தெரியாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மாமியாருக்கு அது போதும். ஆனால் மாமியாரின் சித்தாந்தத்தை எந்தக் கட்டுப்பாட்டு அலுவலகமும் அறிக்கையாக ஏற்றுக்கொள்ளாதே.

இருவரும் மேனேஜர் அறைக்குத் திரும்பி உட்கார்ந்த நேரம் பார்த்து விதிமுறை அதிகாரி உள்ளே வந்தார். வந்தவர் முதலில் சுவரிலிருந்த காலண்டரை நேராக்கினார். பிறகு மருமகள் உட்கார்ந்திருந்த நாற்காலியை, அவள் அதில் இருக்கும்போதே, மேஜைக்கு இணையாக நகர்த்தினார். சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் அடிஸ்கேல் துருத்திக்கொண்டிருந்தது. கிடங்கு முழுக்க அவருக்கு ஸ்கேல் சார் என்றுதான் பெயர். வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் நாற்பத்தோரு சுற்றறிக்கை போட்டிருந்தார். யாரிடமும் நேரில் ஒரு வார்த்தை பேச மாட்டார். குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டுப் போவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. எதையும் கோணலாகப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

சோதனை முடிவுத் தாளை அவர் நீட்ட, மாமியார் அதைப் பழைய டிக்கெட் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்தார். மதிய ஷிப்ட்டின் முதல் பாட்டில் முப்பத்து நாலு. அடுத்தது முப்பத்திரண்டு. பிறகு இருபத்தொன்பது, இருபத்தேழு என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி பாட்டில் பதின்மூன்று. நடுவில் ஏழாவது பாட்டில் மட்டும் எட்டு. அது ஒன்றுதான் பாஸ்.

"படி இறங்குற மாதிரி இருக்கே சார்," என்றார் மாமியார்.

சுற்றறிக்கைகள் வேலை செய்கின்றன என்பதற்கு அதுதான் ஆதாரம் என்றார் ஸ்கேல் சார். பயத்தில் அந்தம்மா நாளுக்கு நாள் திருந்தி வருகிறாராம்.

"ஓசியில வர்றவன் இன்னைக்கு முழு ஓசி, நாளைக்கு முக்கால் ஓசின்னு வர மாட்டான் சார். திருடறவங்க இவ்வளவு ஒழுங்கா திருந்த மாட்டாங்க. அந்த ஏழாவது பாட்டில் அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அன்னைக்கு நானே பக்கத்துல நின்னேன். அதனால ஒழுங்கா கழுவினாங்க."

வராந்தாவில் போய்க் கேட்டால், அக்கா வேறு விதமாகச் சொன்னார். அன்று அவர் விரலில் காயம், கட்டுப் போட்டிருந்தார். குழாயை எப்போதும் போலத்தான் கழுவினார். லேபிளின் பின்தாளை மட்டும் உரிக்க முடியவில்லை. அவர் திண்டாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் சார் வாங்கித் தானே ஒட்டிவிட்டார், ஸ்கேல் வைத்து அளந்து. மருமகள் இதை எழுதிக்கொண்டாள். எழுதும்போது அதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மாமியார் முதல் பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்கேல் சார் போய் எடுத்து வந்தார். தேன் நிறக் கண்ணாடி பாட்டில், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. மருமகள் லேபிளைப் படிக்கப் போனால் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. லேபிள் தலைகீழாக ஒட்டியிருந்தது. அக்காவுக்கு அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

மாமியார் மேனேஜரின் டீ சாஸரைத் துடைத்து, அதில் டீசலைக் கொஞ்சம் ஊற்றினார். வெள்ளைச் சாஸரில் லேசான மஞ்சள். வேறு எந்த நிறமும் இல்லை.

"கப்பல் டீசல்ல கந்தகமும் இருக்கு, சிவப்புச் சாயமும் இருக்கு. ரெண்டும் ஒரே வண்டியில ஏறின ஆளுங்க. குழாய் வழியா கந்தகம் வந்திருந்தா சாயமும் கூடவே வந்து இறங்கியிருக்கணும். இங்க ஒருத்தர்தான் இறங்கியிருக்கார். அப்போ அவர் வந்தது அந்த வண்டியிலயே இல்ல."

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஸ்கேல் சார் மட்டும் அசையவில்லை. கருவி காட்டும் எண் எண்தான், டீ சாஸர் எந்த விதியிலும் இல்லை என்றார். சரி, அந்த அலமாரியைத் திறந்து காட்டுங்கள் என்று மாமியார் கேட்டதும், வெளியார் பார்வையிட மூன்று பக்க விண்ணப்பம் வேண்டும் என்று சொல்லி அதை எடுத்து நீட்டினார். பிரதி இரண்டு, நீல மையில், கட்டத்துக்கு வெளியே எழுத்து போகாமல் எழுத வேண்டும்.

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் மாமியார் பேப்பர் அண்ணனைப் பிடித்தார். ஷிப்ட் முடியப்போகும் சோம்பலில் இருந்த மனுஷர், மாமியாரைப் பார்த்ததுமே சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தை ரசிக்கத் தொடங்கினார். சிக்கினான்டா என்று மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் பார்த்தால், வேலை நேரத்தில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புவதுதான் அவர் மறைத்த மகா ரகசியம். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்து, மேஜையில் பேப்பர் மேல் நிறுத்தி, இடமிருந்து வலம் ஒரு வார்த்தை யோசித்தபடியே லேபிளை ஒட்டிவிடுவாராம். அவர் வேலையில் வேறு எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மணி ஒன்றானபோது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஸ்கேல் சார் சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தார்.

மேல் தட்டில், மரச் சட்டத்தின் துளைகளுக்குள் காலை ஷிப்ட்டின் பன்னிரண்டு பாட்டில்கள். பன்னிரண்டு கறுப்பு மூடிகள் வரிசையாகத் தெரிந்தன. கீழ்த் தட்டில் முதல் பாட்டில் வெளியே போயிருந்ததால் பதினொன்று. அதில் ஒரே ஒரு மூடிதான் தெரிந்தது. மற்ற பத்தும் பாட்டிலின் அடிப்பாகம். லேபிள்கள் மட்டும் இரண்டு தட்டிலும் நூல் பிடித்தது போல நேராக இருந்தன.

மருமகளால் அடக்கவே முடியவில்லை. "சார், மேல் தட்டு வேலைக்கு வந்திருக்கு, கீழ்த் தட்டு ஏன் சிரசாசனம் பண்ணுது?"

"ரெண்டு," என்றார் மாமியார். ஆனால் விரலை மடக்க மறந்துவிட்டார். அவர் கண் கீழ்த் தட்டிலேயே குத்திட்டு நின்றது. "மூடி தெரியுற அந்த ஒரு பாட்டில் எத்தனாவது சார்?"

ஏழாவது.

பதில் சொல்லும்போதுகூட ஸ்கேல் சாருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விதி ஒன்பதைத்தான் அவர் ஒப்பித்தார். அலமாரியில் லேபிள் நேராகவும் படிக்கும்படியும் இருக்க வேண்டும். அந்தம்மா எல்லா லேபிளையும் தலைகீழாக ஒட்டுகிறார். ஒட்டியதை உரித்து மறுபடி ஒட்டினால் முத்திரை கெட்டுப்போகும், அது விதி பதினொன்றுக்கு விரோதம். ஆகவே பாட்டில்களைத் திருப்பி வைத்தேன் என்றார்.

"விதியில லேபிள் நேரா இருக்கணும்னு இருக்கு. பாட்டில் நேரா இருக்கணும்னு எங்கயும் இல்ல."

மேனேஜர் கைக்குட்டையை முகத்தில் போட்டபடியே நின்றுவிட்டார்.

அக்காவைக் கூப்பிட்டு, லேபிளை ஏன் தலைகீழாக ஒட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். அக்காவுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. பாட்டிலை மூடியதும் அதை ஒரு வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து நிறுத்தி நூறு எண்ணுவாராம். தாளில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் மூடி சரியில்லை என்று அர்த்தம், வேறு மூடி போடுவார். நூறு எண்ணும் நேரத்தில் கை சும்மாதானே இருக்கிறது என்று அப்போதே லேபிளையும் ஒட்டிவிடுவார்.

"பத்தொன்பது வருஷமா அப்படித்தான் பண்றேன். இதுவரைக்கும் யாரும் ஏன்னு கேட்டதில்ல," என்றார்.

அவர் அவ்வளவு சிரத்தையாக வேலை செய்ததுதான் அவர் கழுத்துக்குக் கத்தியாக வந்திருக்கிறது. ஆனால் மருமகளுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. பாட்டில் நேராக இருந்தால் என்ன, கவிழ்ந்திருந்தால் என்ன, டீசலுக்கு மேலும் கீழும் தெரியுமா? அதைத்தான் ஸ்கேல் சாரும் கேட்டார். மாமியார் தட்டுக்கு ஒன்றாக இரண்டு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். கீழ்த் தட்டு மூடிக்குள் கறுப்பாக ஒரு வளையம், ஊறிப் பருத்துப்போய் இருந்தது.

"இது ஏது சார்? மேல் தட்டு பாட்டில்ல இது இல்லையே."

ஸ்கேல் சார் முகத்தில் முதல் முறையாக ஒரு மலர்ச்சி. நூறு எண்ணிக்கை தாங்கிய மூடி, நாள் கணக்கில் கவிழ்ந்து கிடந்தால் தாங்குமா? இரண்டாம் நாளே கீழ்த் தட்டில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்ததாம். கசிவு விதி பதின்மூன்றுக்கு விரோதம். அதனால் விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து, காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, ஒவ்வொரு வளையமாகத் தன் கையாலேயே வெட்டினாராம். அன்று முதல் கவிழ்த்து வைக்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒன்று. மிச்சம் இருந்ததை ஒரு டப்பாவில் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல இருந்தது. ரப்பர் எங்கே கிடைத்தது என்றால், எதிரே இருக்கும் பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கினேன் என்றார்.

மாமியார் டப்பாவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சாலையைக் கடந்தார். மருமகள் பின்னாலேயே ஓடினாள். பஞ்சர் கடைக்காரர் ஒரு லாரி சக்கரத்துக்குள் தலையை விட்டிருந்தார். மாமியார் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்த ரப்பரில் என்ன சேர்ப்பார்கள்?

கடைக்காரர் தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்.

"கந்தகம்தாம்மா. கந்தகம் போட்டு வேக வெச்சாதான் அது டியூப். இல்லேன்னா வெயில்ல பிசுபிசுன்னு ஒட்டுற பசை."

மாமியார் அங்கேயே நடுச்சாலையில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து மருமகள் பார்த்ததே இல்லை. கவிழ்ந்த பாட்டில்களில் டீசல் ரப்பரில் ஊறிக்கொண்டே கிடந்திருக்கிறது. அதிக நாள் ஊறியதில் அதிகக் கந்தகம், நேற்று வைத்ததில் கொஞ்சம். அதுதான் அந்தப் படி இறங்கும் எண்கள். ஏழாவது பாட்டிலுக்கு லேபிள் நேராக இருந்ததால் பாட்டிலும் நேராக நின்றது, ரப்பர் போடவில்லை, பிழைத்துக்கொண்டது. அக்காவின் குழாயில் எந்தக் குறையும் இல்லை. கந்தகத்தை அளவோடு வெட்டி ஒவ்வொரு மூடியிலும் வைத்தவரே ஸ்கேல் சார்தான்.

திரும்பி வந்து சொன்னபோது ஸ்கேல் சார் பேயறைந்தது போல நின்றார். ஆனாலும் பஞ்சர் கடைக்காரர் சொன்னதை ஆதாரமாக எழுத முடியாது என்றார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நிரூபணம் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு தப்போ, நிரூபணம் இல்லாமல் விடுவிப்பதும் அவ்வளவு தப்பு என்பது அவர் கொள்கை. அந்தக் குற்றவாளி தானே ஆனாலும் சரிதான்.

அப்போது மணி இரண்டு பத்து. நாள் கணக்கில் ஊறியதை ஒன்றரை மணி நேரத்தில் எப்படி ஊற வைப்பது?

மாமியாருக்கு வழி தோன்றியது. மேனேஜர் அறைப் பக்கம் இருக்கும் சோதனைக் கருவியில், குழாயிலிருந்து புதிதாகப் பிடித்த டீசலை ஸ்கேல் சாரே சோதித்தார். எட்டு. அதை இரண்டு பாட்டிலில் பிரித்தார்கள். ஒன்றில் டீசல் மட்டும். இன்னொன்றில் பத்து ரப்பர் வளையங்களைப் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கிடங்குக்கு முன்னால் போகும் சாலையில், லாரிகள் வேகமாகப் போகக் கூடாது என்று ஏழு வேகத்தடை போட்டிருந்தார்கள். மருமகளிடம் ஸ்கூட்டர் இருந்தது. சூடு வேண்டும், குலுக்கல் வேண்டும், இரண்டும் வாசலுக்கு வெளியே தயாராக இருந்தன.

ஒரே ஒரு சங்கடம். விதி இருபத்திரண்டின்படி, சோதனை முடியும் வரை மாதிரி பாட்டில் அதிகாரியின் பார்வையை விட்டு அகலக் கூடாது.

ஆகவே ஸ்கேல் சார் தலைக்கவசம் போட்டு, இரண்டு பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மருமகளின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மாமியார் வாசலில் நின்று சுற்றுக் கணக்கை எண்ணினார். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்திலிருந்து தலையை வெளியே எடுத்து வேடிக்கை பார்த்தார்.

முதல் வேகத்தடையில் ஸ்கேல் சார் அரையடி உயரம் எழும்பி உட்கார்ந்தார். மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினார்.

"மெதுவாப் போனா கந்தகம் இறங்காது சார், கெட்டியாப் பிடிங்க," என்றாள் மருமகள். இது ஜோக்கா நிலவரமா என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல வேளை, மாமியார் காதுக்கு எட்டவில்லை.

பதினைந்தாவது சுற்றுக்குப் பிறகு பின்னாலிருந்து புலம்பல் நின்றுவிட்டது. ஆள் விழுந்துவிட்டாரோ என்று மருமகள் கண்ணாடியில் பார்த்தாள். விழவில்லை. பாட்டில்களைப் பார்த்தபடியே இருந்தார்.

"நான் நேர்ல கேட்டிருக்கலாம்," என்றார்.

"எதை சார்?"

"லேபிளை ஏன் தலைகீழா ஒட்டுறீங்கன்னு. ஒரு வார்த்தை. எனக்கு... எதிர்ல நின்னு பேசணும்னா கொஞ்சம் வராது. தாள்லன்னா வந்துடும்."

மருமகள் அடுத்த வேகத்தடையில் மட்டும் கொஞ்சம் மெதுவாகவே போனாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு இரண்டு பாட்டிலும் கருவி முன் வந்தன. வெறும் டீசல் பாட்டில், எட்டு. ரப்பர் போட்ட பாட்டிலுக்குக் கருவி முனகிக்கொண்டே நேரம் எடுத்தது. வராந்தாவிலிருந்து அக்கா எழுந்து வந்து கதவோரம் நின்றார். கையுறைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

திரையில் எண் வந்தது. இருபத்து மூன்று.

மேனேஜர் வேலைநீக்க உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழித்த பிறகுதான், ரத்து செய்த உத்தரவைக் கிழிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அவருக்கு நினைவு வந்து, பயந்துபோய் ஸ்கேல் சாரைப் பார்த்தார். ஸ்கேல் சார் அதைக் கவனிக்கவே இல்லை. கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பதவியை எழுதி, அதன் கீழே அடிக்கோடு போட்டார். அடுத்து ஒரு சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார். எண் நாற்பத்திரண்டு, பாட்டில்களும் நேராக இருக்க வேண்டும். பாதி எழுதியவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, கதவோரம் போய், அக்காவின் எதிரில் நின்றார்.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான் வந்தது. அக்காவின் கண் கலங்கிக் கலங்கித் தெளிந்தது. வெளியே ஒரு டேங்கர் லாரிக்காரர், யாராவது இருக்கீங்களா என்று ஹாரன் அடித்தார். அக்கா கையுறையை மாட்டினார்.

"லாரி காத்துக்கிட்டிருக்கு சார். வாங்க, வந்து பாருங்க."

எல்லாரும் போனார்கள். அக்கா குழாயைக் கழுவினார், நானூறு லிட்டர், மீட்டரில் கடைசி எண் விழும் வரை. பாட்டிலைப் பிடித்து மூடினார். வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து நிறுத்தினார். பழக்கத்தில் லேபிளை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. ஸ்கேல் சார் லேபிளைத் தான் வாங்கிக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று அக்கா எண்ணத் தொடங்க, அவர் லேபிளை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர் போலப் பக்கத்தில் நின்றார்.

ஐம்பதைத் தாண்டும்போது மருமகளுக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்தது. இந்த வருஷத்திலேயே சிறந்த ஜோக். கோட்டாவில் ஒன்று மிச்சமும் இருந்தது. மாமியார் மூன்றாவது விரலை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். மருமகள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் அந்த முகம் வேலையில் மூழ்கி, தன்னை மறந்திருந்தது. மருமகள் ஜோக்கை மென்று விழுங்கினாள். மாமியார் விரலை நிமிர்த்திக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. தாளில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. அக்கா பாட்டிலை நிமிர்த்திக் கொடுத்தார். ஸ்கூட்டரில் குலுங்கிய கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேல் சார் லேபிளை ஒட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கோணலா இருக்கு சார்."

ஸ்கேல் சாரின் கை சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"இருக்கட்டும்," என்றார்.